நிற்காமல் ஓடும் படத்துக்கான உபகுழு

சகலை என்பவர் ஓர் ஆண்மகனுக்கு மாமனார் வீட்டில் இலவசமாகக் கொடுக்கப்படும் அளவு டேப். தாலி கட்டிய நாளிலிருந்து அவனை அதை வைத்துத்தான் அளப்பார்கள். திருப்பூர் மங்கலம் ரோட்டில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்த ஆறுச்சாமியை அவருடைய மாமனார் வீட்டார் பல வருடங்களாக இப்படி அளந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளம் குறைகிறது என்று கண்டுபிடித்து வந்தார்கள்.

அந்த அளவு டேப்பின் பெயர் அப்புசாமி. ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாளுக்கு அக்காவான குழந்தையம்மாளைக் கட்டியவர். அவிநாசி ரோட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி, கூடவே சொந்தச் சாயப்பட்டறை. ஆறுச்சாமி மொபெட்டிலிருந்து பைக்குக்கு வந்தபோது அப்புசாமி பைக்கிலிருந்து காருக்குப் போயிருந்தார். ஆறுச்சாமி எப்படியோ முக்கி முனகி ஒரு கார் வாங்கி மாமனார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திய அன்றைக்கு, டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார் என்று அப்புசாமி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். அன்று முழுக்க மாமனார் வீட்டில் நடையின் நன்மையைப் பற்றித்தான் பேசினார்கள்.

இதில் பெரிய கொடுமை, அப்புசாமி நல்ல மனிதர். குத்திப் பேச மாட்டார், பீற்றிக்கொள்ள மாட்டார், கேட்டால் உதவி செய்வார். குறை சொல்ல இடமே கொடுக்காத ஒருவர் மேல் பொறாமைப்படுவது மிகவும் சிரமமான வேலை. ஆறுச்சாமி அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமைகூட லீவு விடாமல் செய்துவந்தார்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் அது. ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையர்களுக்குத் துணியைக் காட்டுவதற்கு முன்னால் கம்பெனியைப் பற்றிய படத்தைக் காட்ட வேண்டும், அதுவும் ஹெச்.டி.யில் காட்ட வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ராக்கையா புதிதாக ஒரு ஹெச்.டி. கேமரா வாங்கி வந்து, முகூர்த்தமில்லாத மாதங்களில் கம்பெனி கம்பெனியாகப் புகுந்து எடுத்தார். அப்புசாமியும் எடுத்தார். அது தெரிந்த அன்றைக்கே ஆறுச்சாமியும் எடுத்தார்.

இரண்டு படங்களும் மத்திய வட்டாரப் பின்னலாடை உற்பத்தியாளர் முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டு விழாவில், சங்கத்து ஏ.சி. ஹாலில், பெரிய திரையில் காட்டப்பட்டன. அப்புசாமி தன் கம்பெனியில் டிசைன் போடுகிற கம்ப்யூட்டரையே காரில் போட்டு எடுத்து வந்திருந்தார். அவருடைய படத்தில் நூல் கோன் சுழன்றது, ஊசிகள் ஏறி இறங்கின, துணி தண்ணீர் வழிகிற மாதிரி வழிந்தது. எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை. அடுத்து ஆறுச்சாமியின் படத்தைச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். ஆறுச்சாமி குத்துவிளக்கேற்றக் குனிந்தார். குனிந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, பெரிய திரை முழுக்க ஆறுச்சாமி. சத்தம் மட்டும் நிற்கவில்லை. "எங்கள் நிறுவனத்தின் மூச்சே வேகம்தான்" என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது.

திரும்பி வரும்போது காரில் மயிலாத்தாள் கேட்டாள். "ஏனுங்க மாமா, அக்கா ஊட்டுப் படம் மட்டும் எப்படீங்க நிக்காம போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டையும் எடுத்தது அந்த ராக்கையாதான்."

"எடுத்தவரு ஒருத்தரு. அப்பறம் நம்முளுது மட்டும் ஏனுங்க நிக்குது?"

ஆறுச்சாமி கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடம் அது இல்லை.

அடுத்த நாள் காலையிலேயே ஆரோக்கியராஜின் கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்தார். ஆரோக்கியராஜ் தூத்துக்குடிக்காரர். பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த அண்ணனைப் பார்க்க வந்தவர், ஊரில் இத்தனை கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆவதைப் பார்த்து இங்கேயே தங்கிவிட்டார். எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரு சாமானை விற்றுவிடக்கூடிய திறமைசாலி.

"ஹெச்.டி. படங்கிறது அமுக்கிக் கட்டுன துணி மூட்டை மாதிரி அண்ணாச்சி," என்றார் அவர். "ஒவ்வொரு மூட்டையா அவுத்து, விரிச்சுக் காட்டிக்கிட்டே இருக்கணும். உங்க சங்கத்துல உள்ள பிராசசரு பழசு, ஒத்த ஆளு. அவன் ஒரு மூட்டைய அவுத்து முடிக்கதுக்குள்ள அடுத்த மூட்டை வந்து நிக்குதுல்லா. மலைச்சுப் போயி நின்னுருதான். சத்தம் சின்னப் பொட்டலம், அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்."

"சகலை கம்ப்யூட்டர்ல?"

"அவரு வச்சிருக்கதுல ரெண்டு கோர் பிராசசரு. ரெண்டு ஜி.பி. ராம். அதுக்கு மேல, மூட்டைய அவுக்கதுக்குன்னே தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு. இம்புட்டுத்தான் விசயம். ஒரே கடையில மொத்தமா வாங்குங்க. சாயங்காலமே மாட்டித் தந்துருதேன்."

சாயங்காலமே முடிந்துவிடக்கூடிய காரியம் அது. ஆனால் அதே வாரம் சங்கத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. குழந்தைகள் உடுப்பு விற்கும் டென்மார்க் கம்பெனி ஒன்றிலிருந்து இன்னும் சில மாதங்களில் ஓர் அம்மாள் வருகிறார். சங்கத்து ஹாலில் உறுப்பினர்களின் படங்களைப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரே ஒருவருக்கு நேரடி ஆர்டர் கொடுப்பார். ஆறுச்சாமி அதுவரை யாரோ வாங்கிய ஆர்டரை யாருக்கோ தைத்துக் கொடுத்துத்தான் பிழைத்துவந்தார். நேரடி ஆர்டர் என்பது அவருடைய கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. இந்த ஒன்று கிடைத்துவிட்டால் மாமனார் வீட்டு அளவே மாறிவிடும். அதற்கு அவருடைய படம் சங்கத்து ஹாலில் நிற்காமல் ஓட வேண்டும். சகலை மாதிரி சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரை வாங்கித் தூக்கிப்போகக் கையில் அவ்வளவு பணம் இல்லை. சங்கத்துக் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டுமானால் சங்கத்திடம் பேச வேண்டும்.

சங்கத் தலைவர் கன்னையன் ஆறுச்சாமியை அன்போடு வரவேற்று, காபி வரவழைத்து, முழுவதையும் கேட்டார்.

"குறை இருக்குதுன்னு சொல்றது தப்பில்லீங்க," என்றார். "அது சங்கத்துக்குள்ள இருக்குதுன்னு சொல்றதுதானுங்க தப்பு."

"கம்ப்யூட்டர் பழசாயிருச்சுங்க தலைவரே. அதைத்தான் சொல்றனுங்க."

"அது ஸ்தாபகத் தலைவர் குடும்பத்து உபயமுங்க. உபயமாக் குடுத்தது எப்படீங்க பழசாகும்?"

சங்கத்துக்கு யார் எதைக் கொடுத்தாலும் அவர் பெயரைக் கிரானைட்டில் பொறித்து அதன் மேலேயே பதித்துவிடுவது வழக்கம். நாற்காலி, தண்ணீர் ஃபில்டர், குப்பைக்கூடை எல்லாவற்றிலும் பெயர் உண்டு. கம்ப்யூட்டரிலும் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று அந்த இடத்தில் ஒட்டியிருந்தார்கள். பார்வையிட வந்த ஆரோக்கியராஜ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். உள்ளே சூடு போக வழியில்லை என்றும், கல்லை எடுத்தால் ஓரளவாவது மூச்சு வரும் என்றும் சொன்னார். கல்வெட்டை அகற்ற வேண்டுமானால் பொதுக்குழு கூட்டி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றார் செயலாளர் சுப்பையன். அதைவிடப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது சுலபம் என்று முடிவாயிற்று.

பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு வழியனுப்பு விழா நடத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு, புதியது வாங்க ஓர் உபகுழு போட்டார்கள். தலைவர் அதில் பேசினார். "நம்ம சங்கம் எதையும் அவசரப்பட்டுச் செய்யாதுங்க. அவசரம்னு ஒண்ணு வந்தா, அது அவசரந்தானான்னு பாக்கறதுக்கே ஒரு குழு வெச்சிருக்கறமுங்க. உறுப்பினர் அத்தனை பேரும் ஒண்ணுங்கறதுதான் நம்ம கொள்கை. அதனால ஒருத்தருக்கு நல்லது நடந்து இன்னொருத்தரு வருத்தப்படற மாதிரி நாம எதையுமே செஞ்சதில்லீங்க. செய்யறதுக்கு வாய்ப்பே குடுக்கறதில்லீங்க." எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒரே கடையில் மொத்தமாக வாங்கச் சொன்ன ஆரோக்கியராஜின் யோசனை குழுவுக்கு முன் வைக்கப்பட்டது. அதைக் கேட்டு உறுப்பினர்கள் சங்கடப்பட்டார்கள். திருப்பூரில் பிறந்த ஒரு பனியனைக்கூட ஒரே ஆள் முழுசாகச் செய்வதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம், பெட்டி கட்டுவது இன்னோரிடம். ஒவ்வொரு வேலையும் ஜாப் ஒர்க்காக ஒவ்வொரு கம்பெனிக்குப் போய் வந்துதான் துணி பனியனாகிறது. கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன விதிவிலக்கு என்று கேட்டார் செயலாளர்.

ஆகவே பகிர்ந்து கொடுத்தார்கள். பிராசசர்தான் மெயின் மிஷின் என்பதால் நிட்டிங் கம்பெனிக்காரருக்கு. எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பது என்பதால் மதர்போர்டு எலாஸ்டிக் கம்பெனிக்காரருக்கு. பெட்டி, அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரருக்கு. கரண்ட் சமாச்சாரம் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவருக்கு. கிராபிக்ஸ் கார்டு என்பது கலர் சம்பந்தப்பட்டது, அதனால் அது சாயப்பட்டறை வைத்திருப்பவருக்கு என்று சொல்லி அப்புசாமியைப் பார்த்தார்கள். அவர் எழுந்து கும்பிட்டு ஒப்புக்கொண்டார். கடைசியில் மவுஸ் மட்டும் பாக்கி இருந்தது. அதை ஆறுச்சாமிக்குக் கொடுத்தார்கள்.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா போன் பண்ணுச்சுங்க," என்றாள் மயிலாத்தாள். "அக்கா ஊட்டு மாமாவுக்குக் கார்டாமா. அதுதான் கம்ப்யூட்டருக்கே உசுருங்கறாங்களே, நெசமுங்களா?"

"ஆமா."

"நமக்கு?"

"ரசம் ஊத்து," என்றார் ஆறுச்சாமி.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றார். கார்டை நானும் தருகிறேன் என்றார். ஒரு கார்டு போதுமே என்றார் செயலாளர். தன் உபயத்தைச் சங்கம் மறுக்கிறதா என்று கேட்டார் ஆறுச்சாமி. உபயத்தை மறுத்த வரலாறு சங்கத்துக்கு இல்லை. இரண்டு கார்டுகள் ஏற்கப்பட்டன. ஆறுச்சாமி நேராக ஆரோக்கியராஜின் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய கார்டாகக் கேட்டார். அப்புசாமி வாங்கிய கார்டில் ஒரு ஃபேன். இதில் இரண்டு.

"இந்தப் படத்துக்கு இம்புட்டுப் பெருசு வேண்டாம் அண்ணாச்சி. இது கம்ப்யூட்டர்ல வெளாடுத பயலுவ வாங்குதது. உங்க சகலை வாங்குனதே தாராளம்."

"ஓடறதுக்கு யாரு கேட்டா? பாத்தாத் தெரியோணும்."

ஆரோக்கியராஜ் மறுபேச்சுப் பேசாமல் பில் போட்டார். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்த ஆறுச்சாமிக்கு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அளவில் பெரியது தன்னிடம் இருக்கிறது என்ற நிம்மதி கிடைத்தது.

உதிரிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் உயர்ந்த ரகம். ஒன்றோடு ஒன்று சேரவில்லை. நிட்டிங்காரர் வாங்கிய பிராசசர் எலாஸ்டிக்காரர் வாங்கிய மதர்போர்டில் உட்காரவே மறுத்தது. இரண்டும் வெவ்வேறு கம்பெனித் தயாரிப்பு, கால்கள் வேறு, குழிகள் வேறு. தலைவர் இதைப் பங்காளித் தகராறாக எடுத்துக்கொண்டு இரு தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். "ரெண்டு பேருமே பெரிய கையிங்க. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுத்தா உக்காராத பிராசசரும் உக்காருமுங்க," என்றார். காலைக் கொஞ்சம் ராவிப் பார்க்கலாமா என்று செயலாளர் கேட்டபோது ஆரோக்கியராஜ் பாய்ந்து வந்து பிராசசரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பிறகு யாரிடமும் சொல்லாமல் மதர்போர்டை மாற்றிவிட்டார். எலாஸ்டிக்காரர் பெயர் போட்ட ஸ்டிக்கரை எடுத்துப் புதியதில் ஒட்டியதும் உபயம் பழையபடி நிலைத்தது.

அடுத்து லேப் டிப் அப்ரூவல் என்றார்கள். சாயம் போடுவதற்கு முன் துண்டுத் துணியில் நிறத்தைப் போட்டுக் காட்டி ஒப்புதல் வாங்குவார்களே, அது. திரையில் ஒரு நீல வானத்தை நிறுத்தி, சாய நிறங்கள் ஒட்டிய ஷேடு கார்டைப் பக்கத்தில் பிடித்து, நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸைத் தூக்கி வந்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். வானம் கொஞ்சம் சிவப்பு அடிக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆரோக்கியராஜ் டீ குடித்துவிட்டு வந்து அதே வானத்தை மறுபடியும் காட்டினார். இப்போது சரியாக இருக்கிறது என்று ஒப்புதல் கொடுத்தார்கள்.

கார்டு விஷயம்தான் கடைசிவரை இழுத்தது. பெட்டிக்குள் கார்டு செருக ஒரே ஒரு இடம்தான் இருந்தது. சகலைகள் இருவர். குழு கூடித் தீர்மானம் போட்டது. அவரவர் படம் அவரவர் கார்டில் ஓடும். கார்டு தராத மற்ற உறுப்பினர்கள், உபயதாரர் சம்மதம் கொடுத்தால் எந்தக் கார்டிலும் ஓட்டிக்கொள்ளலாம். எந்தக் கார்டும் செக்கிங் ஆகாமல் உள்ளே போகக் கூடாது.

"செக்கிங்க யாரு பாக்கறதுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"குறை சொன்னவரே குறை பாக்கட்டுமுங்க," என்றார் தலைவர்.

இப்படித்தான் ஆறுச்சாமி செக்கிங் குழுவின் தலைவரானார். அவருக்குத் தனி மேஜை, மேஜை மேல் பெயர்ப்பலகை, ஒரு பூதக்கண்ணாடி கிடைத்தன. முதல் இரண்டு நாள் அந்த மேஜையில் உட்காரவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது நாள், வருகிறவர்கள் எழுந்து நின்று பேசினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

தன்னுடைய கார்டை எடுத்துப் பார்த்தார். குறையொன்றும் இல்லை. பாஸ். சகலையின் கார்டை எடுத்தார். புரட்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதன் ஒற்றை ஃபேனுக்குப் போகும் ஒயரின் முனையில் உறை லேசாக நூல் பிரிந்திருந்தது. பனியன் கம்பெனியில் இதற்குப் பிசிறு என்று பெயர். பிசிறு வெட்டாத உருப்படி ரிஜெக்ட். இது செக்கிங்கில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆறுச்சாமி சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துப் பிசிறைக் காட்டுகிற மாதிரி ஒட்டினார். கார்டைப் பாலித்தீன் கவரில் போட்டு, ரிஜெக்ட் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளரிடம் கொடுத்தார். கையோடு இன்னொன்றும் கேட்டுக்கொண்டார். எல்லோரும் சமம் என்கிறபோது, வெளியிலிருந்து சொந்தக் கம்ப்யூட்டர் கொண்டுவர ஒருவரை அனுமதிப்பது நியாயமா என்றார். தலைவருக்குச் சமத்துவம் என்றால் உயிர். அன்றைக்கே தடை போட்டுவிட்டார்.

வெட்கமாக இருந்தது ஆறுச்சாமிக்கு. இல்லை என்று சொல்ல முடியாது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

டென்மார்க் அம்மாள் வந்த அன்று ஹால் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உறுப்பினர்களின் மனைவிமார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். குழந்தையம்மாள் முன் வரிசை, மயிலாத்தாள் அவளுக்குப் பின்னால். அந்த அம்மாள் ஒல்லியாக, தூக்கமில்லாத கண்ணோடு வந்து, நெற்றியில் வைத்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளிநாட்டு பையர்களின் உள்ளூர் வேலையைப் பார்க்கும் பையிங் ஆபீஸில் வேலை செய்யும் ஜோதிகா என்ற பெண் பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தாள். புதுக் கம்ப்யூட்டருக்கு ரிப்பன் வெட்டினார்கள். உபயதாரர்களின் பெயர்களைத் திருகாணி கொடுத்தவர்வரை வாசித்தார்கள். தலைவர் பேசினார். "இன்னைக்கு இந்தப் படம் ஓடுதுன்னா, அது தானா ஓடலீங்க. அது ஓடாம இருக்கறதுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செஞ்சு பாத்துட்டுத்தானுங்க நாங்க ஓட உட்டிருக்கறோம்," என்றார். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் ஜோதிகா, அவர் சந்தோஷப்படுகிறார் என்று மட்டும் சொன்னாள்.

பிறகு படங்கள். ஆறுச்சாமியின் கார்டு உள்ளே இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பெருந்தன்மையோடு தலையாட்டினார். எல்லாப் படமும் வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லாவற்றிலும் நூல் கோன் சுழன்றது, ஊசிகள் ஏறி இறங்கின. ஆறுச்சாமியின் படமும் ஓடியது. குத்துவிளக்கு ஏற்றி, நிமிர்ந்து, நடந்து, மிஷினைத் தொட்டு, ஒரு விநாடிகூட நிற்காமல் முடிந்தது. அவர் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. டென்மார்க் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியாக அப்புசாமி. அவருடைய கார்டு பீரோவில், பீரோவின் சாவி செயலாளரிடம், செயலாளர் ஒரு கல்யாணத்துக்காக உடுமலைப்பேட்டையில். அப்புசாமி மெல்ல ஆறுச்சாமியின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சகலை, உங்க கார்டு உள்ளதானுங்க இருக்குது. அப்படியே உட்டுட்டீங்கன்னா எம்படமும் ஓடிப்போயிருமுங்க."

ஆறுச்சாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க சகலை. தாராளமா உடலாமுங்க. அவரவர் படம் அவரவர் கார்டுலன்னு தீர்மானம் போட்டு வெச்சிருக்கறாங்களே, நான் என்னங்க பண்றது?"

"சரீங்க," என்றார் அப்புசாமி. ஆரோக்கியராஜ் பெட்டியைத் திறந்து கார்டை உருவி ஆறுச்சாமியின் மடியில் கொண்டுவந்து வைத்தார். மதர்போர்டோடு வந்த சாதாரண கிராபிக்ஸில் அப்புசாமியின் படம் தொடங்கியது.

கொஞ்ச தூரம் திக்கித் திக்கிப் போனது. பிறகு நின்றது. ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்து திரை முழுக்க விரிந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு தையலும் விரல் தடிமனுக்குத் தெரிந்தது. ஆறுச்சாமி மடியில் இருந்த கார்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளுக்குள் இனிப்புச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

டென்மார்க் அம்மாள் எழுந்தார். போகப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். கழுத்துத் தையலை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். படம் திடீரென்று துள்ளி நகர்ந்து, அந்தச் சட்டையின் உள்பக்கத்தில் போய் மறுபடியும் நின்றது. அவர் குனிந்து அதையும் பார்த்தார். தலையை ஆட்டினார். ஜோதிகாவிடம் நிறையப் பேசினார்.

ஜோதிகா மைக்கைப் பிடித்தாள். "மத்தப் படமெல்லாம் ரொம்ப வேகமாப் போயிருச்சுன்னு சொல்றாங்க. மிஷின் சுத்துறது எல்லா ஊர்லயும் பாத்தாச்சாம். துணிய யாருமே காட்டலியாம். இவங்க ஒருத்தர்தான் தையல் மேல நம்பிக்கை வச்சு, நிறுத்தி நிதானமாக் காட்டுறாங்கன்னு சொல்றாங்க. உள்பக்கத் தையல் குழந்தைக்கு உறுத்தாதாம். ஆர்டர் இவங்களுக்குத்தான்."

கைத்தட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. தலைவர் மைக்கை வாங்கி, படத்தைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்கான தொழில்நுட்பத்துக்காகத்தான் இந்தச் சங்கம் இத்தனை மாதம் பாடுபட்டது என்றார். அதையும் கை தட்டி ஏற்றார்கள். வாசலில் நின்றிருந்த மயிலாத்தாளின் கண்கள் விரிந்திருந்தன.

"அக்கா ஊட்டுப் படம் எத்தனை அழகா நின்னுதுங்க மாமா," என்றாள்.

அதற்கடுத்த வாரம் புதுக் கம்ப்யூட்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படத்தை நிறுத்துவதற்கு ஓர் உபகுழு அமைந்தது. வீட்டுப் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்களை உபயமாகக் கொடுக்க உறுப்பினர்கள் போட்டி போட்டார்கள். ஆறுச்சாமியும் ஒன்று கொடுத்தார்.

அப்புசாமி அவரைத் தேடிக் கம்பெனிக்கே வந்தார். நடந்துதான் வந்தார். "சகலை, அன்னைக்கு மட்டும் நீங்க அந்தக் கார்டைக் குடுத்திருந்தீங்கன்னா எம்படமும் நிக்காமப் போயிருக்குமுங்க. உங்க புண்ணியமுங்க இது," என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்யத் தெரியாதவர். "தையலைப் பூராவும் நீங்களே எடுத்துக்கங்க. உங்களைத் தவிர யாருக்குங்க நான் குடுக்கறது?"

வேண்டாம் என்று சொல்ல ஆறுச்சாமியின் வாய் வரைக்கும் வந்தது. மிஷின்கள் சும்மா நின்றன. சரீங்க சகலை என்றார்.

குழந்தைச் சட்டைகள் வெட்டி வந்தன. ஆறுச்சாமி ராப்பகலாக நின்று தைக்க வைத்தார். ஒரு தையல் கோணினாலும் பிரிக்கச் சொன்னார். அவர் கம்பெனியிலிருந்து அத்தனை சுத்தமான தையல் அதற்கு முன் வெளியே போனதில்லை. மடித்து அடுக்கிய சட்டைகள், அப்புசாமி கம்பெனியின் பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்தன. தன் கையால் தைத்து அனுப்பும் சட்டையைப் பார்த்தே அவருக்கு வயிறு எரிந்தது.

சாப்பாடு கொண்டுவந்த மயிலாத்தாள் ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன இருந்தாலும் அக்கா ஊட்டுத் தையலே தையலுங்க மாமா. பாருங்க, பூ மாதிரி இருக்குது."

"அது நம்ம தையல்," என்றார் ஆறுச்சாமி. "இங்க தெச்சது. நம்ம மிஷின்ல."

"அப்படீங்களா," என்றாள் மயிலாத்தாள். சட்டையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "நானும் நெனைச்சனுங்க, கழுத்துகிட்டச் சித்த இறுக்கமா இருக்குதேன்னு."